கூடுதல் ஒரு மணி நேரம்

ஏ பிள்ள, பையை எடுத்து மடியில் வை. நான் உட்காரணும். மற்ற சீட்டெல்லாம் காலியாகக் கிடப்பது எனக்கும் தெரியுது. எனக்கு இந்தச் சீட்டுதான் வேணும். ஜன்னலை நீயே வைத்துக்கொள்.

எங்கே போற? சரி, சொல்ல வேண்டாம். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவளிடம் எதுவும் சொல்லாதே என்று உன் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். என்னைப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். ஒத்தப்பனை விலக்கு வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. இந்தப் பஸ் ஆட்டுக்கும் நிற்கும், மாட்டுக்கும் நிற்கும்.

என் பேர் முப்பிடாதி.

பேரைக் கேட்டதும் ஏன் பையை இப்படி இறுக்கிப் பிடிக்கிற? உன் பையில் இருப்பது எனக்கு எதற்கு? கேளு.

நான் பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்றவள். நின்றவள் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. எங்கள் கெமிஸ்ட்ரி சார் முன் பெஞ்சு பிள்ளை ஒருத்தியின் சடையைப் பிடித்து அவள் நெற்றியை போர்டில் முட்டினார். நான் எழுந்து போய் அவர் மண்டையைப் பிடித்து அதே போர்டில் முட்டினேன். மூக்கு உடைந்தது. அவர் எழுதி வைத்திருந்த கணக்கின் மேல் ரத்தம் கோடாக ஒழுகியது. டி.சி.யை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். இதில் என்ன கூத்து என்றால், அந்தப் பிள்ளையே ஹெட்மாஸ்டரிடம் போய், சார் சும்மா லேசாகத்தான் பிடித்தார், இவள்தான் வெறிபிடித்த மாதிரி வந்தாள் என்று சொன்னாள். நெற்றியில் புடைப்போடு நின்று சொன்னாள். சில பேருக்கு நன்றி என்பது ரத்தத்திலேயே கிடையாது.

அப்புறம் அப்பாவின் கடை. மெடிக்கல் காலேஜ் கேட்டுக்கு நேர் எதிரே பிராய்லர் கடை இருக்கே, அதுதான். ஒரு நாளைக்கு அறுபது கோழி. கழுத்தைப் பிடித்து ஒரு இழுப்பு, டிரம்முக்குள் போட்டு மூடினால் உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டு கிடக்கும். அடங்கினதும் எடுத்து உரிக்கணும். அப்பா உரிப்பார், நான் வெட்டுவேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?

கடை போர்டும் நான்தான் எழுதுவேன், சாக்பீஸில். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். என்னை அடித்த வாத்தியார்கள்கூட நோட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் மத்தியானம் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா வந்து போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கறி வாங்க வந்தவள் கறியைப் பார்க்கவே இல்லை. இதை யார் எழுதினது என்று கேட்டாள். நான்தான் என்றேன். எதுவரைக்கும் படிச்சிருக்கே என்று கேட்டாள். பதினொண்ணு பாதியில் நின்னாச்சு, இப்போ என்ன என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அது போதும். அதுக்கு மேல படிச்சிருந்தாதான் கஷ்டம்."

என் வாழ்க்கையில் நான் படிக்காததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். பிரிசில்லா அக்கா.

அவள் வலது கையை அப்போதுதான் பார்த்தேன். தோளிலிருந்து தொங்கியது. கோட்டுப் பைக்குள் கையை நுழைத்து வைத்திருந்தாள், இல்லாவிட்டால் ஆடும். முதல் வருஷம் முடிந்த லீவில் அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். லாரிக்காரன் தட்டினதில் அண்ணனுக்கு ஒரு கீறல் இல்லை. இவளுக்குக் கழுத்தில் இருந்து கைக்குப் போகும் நரம்பெல்லாம் வேரோடு பிய்ந்துவிட்டது. இடது கையால் எழுதப் பழகினாள். பத்து நிமிஷத்துக்கு மூன்று வரி. மூன்று மணி நேரப் பரிட்சையை எப்படி எழுத?

காலேஜில், பேசாமல் வேறு படிப்புக்குப் போய்விடு, ஒற்றைக் கையோடு டாக்டராகி யாருக்கு என்ன செய்யப் போகிறாய் என்று பெரியவர் ஒருத்தர் கேட்டாராம். இவள் விடவில்லை. மனுவுக்கு மேல் மனு. கடைசியில் ஒரு உத்தரவு வாங்கிவிட்டாள். இவள் வாயால் சொல்வதை எழுத ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. ஆனால் எழுதுகிற ஆள் இவளைவிடக் குறைவாகப் படித்திருக்கணும். சொந்தக்காரியாக இருக்கக் கூடாது. சொல்வதை எழுதணும், ஒரு எழுத்து கூடக் கூடாது, குறையக் கூடாது.

ஆபீஸில் என்னிடம் படிக்காததற்குச் சான்று கேட்டார்கள். டி.சி.யைக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்ததை அந்த கிளார்க் இரண்டு தடவை வாசித்தான். வாசித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

நாலு மாசம் பழகினோம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடையில் ஆள் இருக்காது. வெட்டுக் கட்டையைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவேன். அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். எல்லாம் இங்கிலீஷ். அறுநூறு வார்த்தை. ஒவ்வொன்றும் கோழிக் குடல் மாதிரி நீளம். ஸ்பெல்லிங் தப்பினால் அவளுக்குத்தான் மார்க் போகும், எனக்கா போகும்? அதனால் நான் தப்பவே மாட்டேன். முதலில் அர்த்தம் தெரியாமல் எழுதினேன். அப்புறம் தானாகவே தெரிந்துவிட்டது. கோழி ஈரலை வெட்டும்போது, இது வீங்கியிருக்கு, இதுக்குப் பேர் இன்னது என்று அப்பாவிடம் சொல்லுவேன். அப்பா, கிறுக்கு முத்திப்போச்சு என்பார்.

ஒரு தடவை அவள் ஒரு பதிலைத் தப்பாகச் சொன்னாள். நான் சரியாக எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு நோட்டைத் தூக்கி என் முகத்திலேயே எறிந்தாள். இடது கையால்தான், ஆனாலும் வலித்தது.

"நீ என் கை. கை யோசிக்காது. நான் தப்பாச் சொன்னா தப்பா எழுது."

எனக்கு அது பிடித்திருந்தது. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. காட்டெருமை என்று சொல்லியிருக்கிறார்கள், பேய் என்று சொல்லியிருக்கிறார்கள். கை என்று யாரும் சொன்னதில்லை.

ரித்திக் என்று அவள் கிளாஸ் பையன் ஒருத்தன். ஹாஸ்டலில் யாருக்கோ பிறந்தநாள் என்று கறி வாங்க வந்தான். கூட நாலு பேர். வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பேஷன்ட் உக்காருங்க, ஊசியை நீங்களே போட்டுக்கோங்க என்று நடித்துக் காட்டினான். நாலு பேரும் சிரித்தார்கள். அவன் மற்ற கை என் கட்டையின் மேல் இருந்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தியை இறக்கினேன். விரலில் இல்லை, விரலுக்கு நடுவில். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் மட்டும் சீவிக்கொண்டு போனது. அவன் பேன்ட் நனைந்துவிட்டது. எனக்குக் குறி தப்பாது என்று நான் சொல்கிறேன். அப்பா, அது உன் குறி இல்லை, அவன் ஆயுசு என்கிறார். அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை கிடையாது.

அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் ஹாஸ்டலுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவன் அப்பாவுக்குப் போன் போட்டு அவரிடமும் கேட்டிருக்கிறாள். அப்புறம் நாலு நாள் கடைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். வேறு ஆளைப் பிடித்துப் பழக்க நேரமில்லை, அதனால்தான் வந்தேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு அடியாள் வேண்டாம் என்றாள். சரி என்றேன். சரி என்று சொல்வது சுலபம்.

பரிட்சை வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தனி அறை. முதல் தாள் அருமையாகப் போனது. பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடித்தோம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வெளியே வந்து, உன் விரல் வலிக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். நடுவிரலில் பேனா பிடித்த இடம் குழிந்து போயிருந்தது. ரெண்டு நாள் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது தாள் அன்றைக்கு அறையில் கண்காணிக்க வேறு ஆள். முதல் நாள் வந்தவர் லீவு. இவர் பேர் திரவியம். இவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை போல. ஒரு மணி அடித்ததும் எழுந்து வந்து, பேப்பரைக் குடு என்றார். அக்கா நிதானமாகச் சொன்னாள், எனக்கு இரண்டு மணி வரைக்கும் உண்டு, உத்தரவு இருக்கு. எனக்கு எதுவும் வரலியே என்றார் அவர். பரிட்சை ஆபீசர் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க சார் என்றாள். முதல்ல பேப்பரக் குடு, அப்புறம் கேக்கேன் என்றார். இன்னும் இரண்டு பெரிய கேள்வி பாக்கி. அதை எழுதாவிட்டால் ஃபெயில். ஃபெயிலானால், நாங்கதான் அப்பவே சொன்னோமே என்று வீட்டுக்கு அனுப்பக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பேப்பரில் கையை வைத்தார். நானும் வைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"முப்பிடாதி, பேனாவ கீழ வையி. நான் ஆபீஸ்ல போய்ப் பேசிக்கிடுதேன்."

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லவில்லை. நல்லாக் கேட்டது.

அவர் இழுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் மடக்கினேன். ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான், கோழிக் கால் இரண்டையும் ஒடிக்கும்போது ஒரு நாளைக்கு நூற்றியிருபது தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் கோழி கத்தாது, அதற்குள் செத்திருக்கும். இவர் கத்தினார். கத்தினவர் சும்மா இருந்திருக்கலாம், மற்ற கையால் என் கொண்டையைப் பிடித்தார். பரிட்சை அட்டையை எடுத்து வாயில் அடித்தேன். கிளிப் மாட்டியிருந்த பக்கம் பட்டு உதடு கிழிந்துவிட்டது. விழுந்தவர் மேல் பெஞ்சைத் தள்ளினேன். அதற்கு அப்புறம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அக்கா இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கு. அவளையும் தள்ளிவிட்டிருக்கிறேன் போல. செவரில் போய் முட்டி உட்கார்ந்திருந்தாள்.

பேப்பர் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. மூன்று மணி நேரம் நான் எழுதின பேப்பர். ரத்தம் பட்ட இடமெல்லாம் மை ஊறி ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அப்போது ஆபீசர் அம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த உத்தரவுக் காகிதம். ஆள் மாறியிருக்கே, சொல்லிவிடுவோம் என்று அவளாகவே கொண்டு வந்திருக்கிறாள். அஞ்சு நிமிஷம் முன்னால் வந்து தொலைத்திருக்கலாமே? எல்லாத் தப்பும் அந்த அம்மா மேலேதான். நான் ஸ்டேஷனிலும் இதைத்தான் சொன்னேன். எழுதிக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். நீ சொல்லித்தான் அவள் அடித்தாளா என்று அக்காவிடம் கேட்டார்கள். ஆமா என்றால் அவள் படிப்பு அன்றோடு சரி. அவள், இல்லை என்றாள். நான் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன், அவள் வைக்கவில்லை என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நாலு மாசம் எனக்காக எழுதினாள், பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும், போய்ப் பொய்க்காரி என்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் எரியுது.

அப்போது எனக்குப் பதினெட்டு ஆகவில்லை. பிள்ளைகளை அடைத்து வைக்கிற இல்லத்தில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒருத்தி என் சோற்றுத் தட்டில் துப்பினாள். அது வேறு கதை. அவள் இப்போது துப்புவதில்லை. நாற்பது நாளில் அக்கா ஒரு தடவை வரவில்லை. வெளியே வந்து நாலு மாசம் ஆச்சு, அப்பவும் வரவில்லை. அப்பா என்னைக் கடைப் பக்கம் விடுவதில்லை.

அவளுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது தாளை இன்றைக்கு மறுபடியும் எழுதலாம். பத்து மணிக்கு. புது ஆளை வைத்துக்கொண்டு. இதுதான் கடைசி. இதில் போனால் போனதுதான்.

எங்கே எந்திரிக்கிற? உட்காரு. காலேஜுக்கு நீ இறங்குகிற ஒத்தப்பனை விலக்குக்கு இன்னும் ஆறு ஸ்டாப் இருக்கு.

உன் பேர் ஆவுடைச்செல்வி. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டுத் தையல் கிளாஸுக்குப் போற. பையில் பரிட்சை அட்டை, இரண்டு பேனா, டி.சி. நேற்றும் இந்தப் பஸ்ஸில்தான் போன. முந்தாநாளும் இதே சீட்டு. நான் மூன்று சீட்டு பின்னால் இருந்தேன்.

கையைக் குடு. அந்தக் கை இல்லை. எழுதுகிற கை.

இது என்ன கை, முருங்கைக்காய் மாதிரி. எனக்கு இரண்டு விரல் போதும். கத்தாதே. கண்டக்டர் முன்னால் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான், திரும்ப மாட்டான். நான் நேற்று முழுக்க யோசித்துவிட்டேன். பத்து மணிக்கு நீ வரவில்லை என்றால் அவளுக்கு எழுத ஆள் கிடையாது. அறுநூறு வார்த்தை இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும். அப்பா விடாவிட்டாலும் இன்றைக்கு நான் கடையில்தான் இருப்பேன். கூப்பிட்டுத்தானே ஆகணும்? வந்து என் முகத்தைப் பார்த்து, வா என்று கூப்பிடட்டும். அது போதும் எனக்கு. உனக்கு என்ன, ஒரு மாசம் கட்டுப் போட்டால் சரியாகிவிடும், தையல் கிளாஸுக்கு லீவு விடு.

அழாதே. அழுதால் எனக்கு இன்னும் கோபம் வரும். என்ன முனங்குற?

என்னது?

திரும்பச் சொல்லு. நீ ஒவ்வொரு தடவை தப்பும்போதும் அக்கா என்ன சொன்னா?

"முப்பிடாதி இத ஒரே தடவைல எழுதிருவா."

அப்படியா சொன்னா? இதே வார்த்தையா? எத்தனை தடவை சொன்னா? கணக்கே இல்லையா? சொல்லும்போது மூஞ்சி எப்படி இருந்தது? கோபமாகவா, எப்படி? அது தெரியாதா? ஒரு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவள் எல்லாம் எதற்கு இந்த வேலைக்கு வர்ற?

சரி. நீ எத்தனை நாள் பழகின? பதினெட்டு நாளா? பதினெட்டு நாளில் என்னத்தை எழுதுவ? பேனாவை எடு. ஹெமரேஜ் எழுது. இங்கே, டிக்கெட் பின்னால் எழுது.

நாசமாகப் போச்சு. இரண்டு ஆர் வரணும். அதற்கு அப்புறம் ஒரு ஹெச் வரணும். இதை எழுதிக் கொடுத்தால் திருத்துகிறவன் சிரிப்பான். உன்னால் அவள் ஃபெயிலாகப் போறா. கையை உடைக்காமலே ஃபெயிலாக்கிவிடுவாய் போலிருக்கு.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிற? என் போட்டோவா? கேட்டில் இன்னும் ஒட்டியிருக்கிறார்களா? எத்தனை இருக்கு? ஆபீஸ் வாசலிலும் ஒன்றா? என்ன எழுதியிருக்கு? உள்ளே விடக் கூடாது என்றா?

இரு. கொஞ்சம் யோசிக்க விடு.

அப்போ அவள் கூப்பிட்டாலும் விட மாட்டார்கள்.

சரி. டிக்கெட்டில் இடம் இல்லை, ஒரு காகிதம் எடு. வேறு காகிதம் இல்லையா? உள்ளங்கையில் எழுதாதே, கிறுக்கி, காப்பி என்று பிடித்துக்கொள்வான். என் கையில் எழுது. இந்தா. இன்னும் நாலு ஸ்டாப். நான் சொல்லச் சொல்ல எழுது. ஹெமரேஜ், மறுபடியும். ம். இப்போ த்ராம்போசிஸ். ஹெப்பட்டோமெகலி. பி ஒன்றுதான் வரும், இரண்டு போடாதே. நெக்ரோசிஸ் சுலபம், நீ எழுதிவிடுவ. அக்கா வேகமாகச் சொல்லுவாள். கை வலித்தால் நிறுத்தச் சொல்லிக் கேளு, நிறுத்துவாள். நான் கேட்டதே இல்லை. புரியாவிட்டால் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லு, வெட்கப்படாதே. அவள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுது. அது மற்ற எல்லாத்தையும்விடக் கஷ்டம், இப்பவே சொல்லிட்டேன்.

விலக்கு வந்துவிட்டது. எந்திரி. பேனா, அட்டை, டி.சி. எல்லாம் இருக்கா பார்.

மணிக்கட்டைக் காட்டு. சிவந்திருக்கு. என் விரல் அப்படியே பதிந்திருக்கு. வீங்கவில்லை, எழுதலாம். அவள் கேட்டால் பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லு. நம்ப மாட்டாள். ஆனாலும் சொல்லு.

நான் இறங்க மாட்டேன். உன்கூட என்னைப் பார்த்தால் வாட்ச்மேன் உன்னையும் உள்ளே விட மாட்டான். பஸ் போகிற வரைக்கும் போய்விட்டு வருகிறேன். போ, ஓடு. மணி ஒன்பதே முக்கால்.